செவ்வாய் மறைந்த நாளில் ஓர் இணைச்சீர்

எனக்குச் செவ்வாய் தோஷம். ஜாதகத்தில் அந்தக் கிரகம் எந்தக் கட்டத்தில் உட்கார்ந்து வம்பு பண்ணுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வானத்தில் இப்போது எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். செவ்வாயைச் சுற்றிவரும் ஒரு விண்கலம் அனுப்பும் ரேடியோ சிக்னலை வைத்துத்தான் என் ஆராய்ச்சியும் பிழைப்பும் ஓடுகின்றன. எங்கள் பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இதைப் பற்றித் தனக்கிருக்கும் கருத்தை எந்த விசேஷத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

"உன்ற கல்யாணத்தக் கெடுத்ததே அந்தச் செவ்வாதான். அதையே போயி நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கறயே, உனக்கு ரோசமே இல்லியா கண்ணு?"

"ரோசம் இருக்கறதுனாலதானுங்கத்தை விடாம நோண்டறேன்" என்பேன். முதல் தடவை சொன்னபோது பந்தலே சிரித்தது. இப்போதெல்லாம் நானும் அத்தையும் மட்டும்தான் சிரிக்கிறோம். மற்றவர்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

பாலக்காட்டு எல்லையோரம் பெருமாட்டியில் எங்கள் வீடு தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. தோப்பையும் வயலையும் தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் வெளியூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தேன். கொரோனா காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், இங்கிருந்தே வேலை செய்யலாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு இங்கேயே தங்கிவிட்டேன். வாசலை ஒட்டிய அறை எனக்கு. உர மூட்டைகளும் மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரும் அதே அறையில்தான் குடியிருக்கின்றன. ஒரு வீடியோ மீட்டிங்கில், எனக்குப் பின்னால் அடுக்கியிருந்ததைப் பார்த்து வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் அது என்ன கருவி என்று மரியாதையாகக் கேட்டார். பொட்டாஷ் என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

வீட்டில் என் வேலை என்ன என்று முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் தம்பி ஒருவன்தான். செவ்வாய் இரண்டு வருஷத்துக்குச் சற்று மேலானால் ஒரு தடவை சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடும். இங்கே நாம், அங்கே செவ்வாய், நடுவில் சூரியன். அந்த நாட்களில் விண்கலத்துக்கு யாரும் கட்டளை அனுப்ப மாட்டார்கள். சூரியனிலிருந்து கிளம்பும் காற்று சிக்னலைக் குதறிவிடும். பாதிக் கட்டளை போய்ச் சேர்ந்து விண்கலம் ஏடாகூடமாக எதையாவது செய்துவைத்தால் யார் பதில் சொல்வது? அதனால் செவ்வாய் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு ஊர் சுற்றப் போவார்கள். எனக்கு அப்போதுதான் அறுவடை.

ஏனென்றால் சிக்னலைக் குதறும் அந்தக் காற்றைத்தான் நான் படிக்கிறேன். விண்கலத்திலிருந்து ஒரே சுருதியில் கிளம்பும் சிக்னல், சூரியனின் ஓரத்தை உரசிக்கொண்டு வரும்போது நடுங்கும், பரவும். அது நடுங்கும் விதத்தைப் பார்த்து, சூரியக் காற்று எங்கே வேகமெடுக்கிறது, எங்கே சுழல்கிறது என்று கணக்குப் போடலாம். விண்கலத்தை எளிதில் கொண்டுபோய் நிறுத்த முடியாத சூட்டில் நடக்கும் சமாச்சாரம் அது. அங்கே போகாமலே பார்க்க எனக்கு இருக்கும் ஒரே வழி, இந்தச் சில நாட்கள்.

சிக்னலைப் பதிவு செய்யும்போது எவ்வளவு அகலமான பட்டைக்குள் அதைப் பிடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். தம்பிக்கு மடை திறக்கிற கணக்கைச் சொல்லி விளக்கினேன். குறுகலாக வைத்தால் பரவுகிற சிக்னல் வெளியே வழிந்துபோகும். அகலமாகத் திறந்துவிட்டால் இரைச்சல் பெருகி வந்து சிக்னலை மூழ்கடித்துவிடும். ஆன்டெனா நிலையத்தில் ஒரு பொறியாளர் உட்கார்ந்திருப்பார். நான் இங்கே திரையைப் பார்த்து, கூட்டுங்கள், குறையுங்கள் என்று போனில் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுத் தம்பி, "அப்பொ நீயும் நானும் ஒரே சோலிதான் பாக்கறம்" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விண்கலங்களோடு பிழைக்கிறவர்கள் உலகப் பொது நேரத்தில் வாழ்கிறவர்கள். ஆன்டெனா எந்த நாட்டில் இருந்தாலும் ஆட்கள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் எல்லாருக்கும் ஒரே மணி. அது நம் ஊர்க் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். என் கைக்கடிகாரம் பல வருஷமாக அந்த நேரத்தில்தான் இருக்கிறது. அம்மா மணி கேட்டால் மனதுக்குள் கூட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். "கையில கடியாரத்தக் கட்டிக்கிட்டு எதுக்குடி மோட்டுவளையப் பாக்கறே?" என்று திட்டுவாள்.

தம்பிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பெண் அமைந்தது. இரண்டு வீட்டாருக்கும் ஒத்துவந்த முகூர்த்தத் தேதியை அப்பா வந்து சொன்னதும் லேப்டாப்பைத் திறந்து என் அட்டவணையைப் பார்த்தேன். செவ்வாய் சூரியனுக்கு மிக நெருக்கமாக உரசிப் போகும் நாள், கல்யாணத்துக்கு முந்தின நாள். அதாவது இணைச்சீர் நாள்.

எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் இணைச்சீர் இல்லாமல் மாப்பிள்ளை மணமேடைக்குப் போக முடியாது. சீர்ச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்துக்கொள்வான். மறுமுனையை அவனுடைய உடன்பிறந்தவள் பிடித்துக்கொள்வாள். நாளைக்கு உனக்குப் பெண்டாட்டி வந்தாலும் இவளுக்கு உன்னிடம் இருக்கும் உரிமை போகாது என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. கல்யாணம் நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர்தான் அதையும் நடத்துவார். கூடப்பிறந்தவள் இல்லாத மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகளோ பெரியப்பா மகளோ நிற்பாள்.

பெரிய அத்தை அங்கேதான் பிடித்தாள்.

"அவளுக்கு அன்னைக்குன்னு சோலி இருக்குதுங்கறா. கல்யாணமும் ஆகலை. செவ்வா வேற. சித்தப்பன் மவ நிக்கட்டும். ரண்டு புள்ளையப் பெத்தவ, நல்லாருக்கும்" என்று பத்துப் பேர் நடுவில் சொன்னாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

தோஷம், வயது, கல்யாணம் என்று யார் எதைச் சொன்னாலும் எனக்கு உறைக்காது. ஆனால் அன்றைக்கு உறைத்தது. எனக்கு அந்தச் சேலை முனை வேண்டும். நகை பூட்டிக்கொள்ளவோ போட்டோவுக்கு நிற்கவோ எனக்கு ஆசையில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஊரறிய ஒன்று இருக்கட்டும் என்று ஆசை. இதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் லேப்டாப்பை டப்பென்று மூடினேன்.

தம்பிதான் பதில் சொன்னான். அவன் அதிகம் பேசமாட்டான். "அக்காதானுங்கத்தை நிக்கோணும். இல்லீன்னா சீரே வேண்டாம்."

அத்தை சரியென்றாள். ஆனால் சித்தப்பா மகளுக்கு ஒரு பட்டுச்சேலையும் எடுத்துவைத்தாள். எதற்கும் ஒரு கை தயாராக இருக்கட்டும் என்று. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும், ஒரு கருவி கெட்டால் மாற்றுக் கருவி வைத்திருப்பதுதான் எங்கள் தொழிலிலும் முறை என்பதால் குற்றம் சொல்ல வாய் வரவில்லை.

தம்பி என்னிடம் வந்து நேரம் கேட்டான். "அக்கா, உன்ற சோலி எப்பொ முடியும்?"

"பத்து மணிக்கு முடிஞ்சிரும்டா."

"முடிஞ்சு ஒன்னரை மணி நேரம் கழிச்சு சீர வெச்சுக்கலாமா?"

"தாராளமா."

அவன் திருப்தியாகப் போனான். எனக்கும் பரம திருப்தி. பத்து மணி என்பது என் கடிகாரத்தில். நம் ஊரில் அது மாலை மூன்றரை. சீர் ஐந்து மணிக்கு வருகிறது. இணைச்சீர் எப்போதும் சாயங்காலம் நடப்பதுதானே என்று நான் வேறு எதையும் விசாரிக்கவில்லை. அருமைக்காரருக்குச் சாயங்காலம் பக்கத்து ஊரான கொழிஞ்சாம்பாறையில் இன்னொரு கல்யாணம் இருந்தது என்பதும், காலையிலேயே சீரை முடித்துத் தர முடியுமா என்று தம்பி அவர் வீட்டுக்கு இரண்டு முறை நடந்தான் என்பதும் எனக்குத் தெரியாது. அக்கா பத்து மணிக்கு வேலையை முடித்துவிடுவாள் என்கிற நம்பிக்கையில், பதினொன்றரைக்கு நேரம் குறித்துவிட்டான்.

அந்த நாள் காலையில் நான் பட்டுச்சேலை உடுத்தி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். சாயங்காலம் மாற்ற நேரமிருக்காது என்று முன்னேற்பாடு. இதைப் பார்த்துத் தம்பி, எல்லாம் அவன் சொன்னபடி நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி போனான்.

முதல் சண்டை வைஃபைக்கு. வந்திருந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எங்கள் இணைப்பில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொபைலை நம்பவும் முடியாது. எங்கள் தோப்பில் நின்றால் கேரள டவர், கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டு டவர் என்று அது எல்லை தாண்டித் தாண்டி விளையாடும். நான் போய்ப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, லேப்டாப்பைக் கம்பி வழியாகவே இணைத்துக்கொண்டேன். அந்தக் கம்பி நாலு முழம். சன்னலோரம் இருக்கும் என் மேசையைத் தாண்டி ஒரு அடி நகர முடியாது. வெளியே பந்தலில், "நெட்டுப் போயிருச்சு" என்று ஒரு பெரும் துக்கம் பரவியது.

நிலையத்துப் பொறியாளர் போனில் வந்தார். மலையாளி. பந்தலில் மைக் செட்காரர் போட்ட பாட்டைக் கேட்டுவிட்டு, "மேடம், கல்யாணமா? அப்போ சத்ய உண்டோ?" என்றார். சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார். உங்களுக்குப் பாயசம் பார்சல் என்றேன். சிக்னல் வந்தது. சூரியனுக்கு அத்தனை பக்கத்தில் வருவதால் ஏற்கனவே நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. திரையில் மெல்லிய கோடாக இருக்க வேண்டியது கொஞ்சம் தடித்திருந்தது. பட்டையை ஒரு மடங்கு கூட்டச் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. சூரியனையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு விண்கலம் உண்டு. வெயிலில் நாம் கையை வைத்துக் கண்ணை மறைத்துக்கொள்வது போல, சூரியனைத் தட்டு வைத்து மறைத்துவிட்டு, சுற்றியிருக்கும் ஒளியை மட்டும் படம் பிடித்து அனுப்பும். அதன் புதிய படத்தில், சூரியனின் ஒரு ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு குமிழி கிளம்பியிருந்தது. சூரியன் தன் காற்றை மொத்தமாக வாரி வீசுகிற வெடிப்பு அது. எந்த ஓரம் என்று பார்த்தேன். செவ்வாய் இருக்கும் அதே ஓரம். என் சிக்னல் வருகிற பாதைக்கு நேராகப் புறப்பட்டிருந்தது.

இப்படி ஒரு வெடிப்பு, இப்படி ஒரு நாளில், நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் குறுக்கே போவது என்பது, வாழ்நாளில் ஒரு தடவை வாய்த்தால் அதிர்ஷ்டம். அடுத்தடுத்து வந்த படங்களை வைத்து வேகத்தைக் கணக்குப் போட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதையைத் தொட்டுவிடும். அது கடந்து போகும்வரை பட்டையை நிமிஷத்துக்கு நிமிஷம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொறியாளரிடம் சொன்னேன். அவர் பாயசத்தை மறந்துவிட்டார்.

"அக்கா, பத்து முடிஞ்சு பதினொன்னே காலாச்சு. மூடிட்டு வா."

சன்னலுக்கு வெளியே தம்பி நின்றான். பட்டு வேட்டி, தலையில் உருமால். முகம் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் அருமைக்காரர், கையில் தட்டோடு அம்மா.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கையில் மணி ஐந்தே முக்கால்.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. "டேய், பத்துங்கறது நம்ம பத்து இல்லடா" என்றேன். சொல்லும்போதே அந்த வாக்கியம் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

"நம்ம பத்து இல்லாம, பின்ன யாரு பத்து?" என்றாள் அம்மா.

விளக்கினேன். உலக நேரம், ஐந்தரை மணி, மூன்றரைக்குத்தான் முடியும். தம்பி முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. அருமைக்காரர் பன்னிரண்டரைக்கு மேல் இருக்க முடியாது. அதற்கு மேல் ராகுகாலம் வேறு வருகிறது என்றார்கள். நான் சூரிய வெடிப்பைச் சொன்னேன். இதைக் கேட்டுப் பந்தலில் ஒருவர் நிமிர்ந்து சூரியனைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலீங்களே" என்றார்.

பெரிய அத்தை முன்னால் வந்தாள். இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவள் மாதிரி என்று எழுதினால் பொய். அவள் முகத்தில் வருத்தம்தான் இருந்தது. "அவ சோலியப் பாக்கட்டும் சாமி. அதும் முக்கியந்தான். சித்தப்பன் மவ நிக்கட்டும், நேரமாகுது" என்றாள். சித்தப்பா மகள் பட்டுச்சேலையில் தயாராக நின்றாள். பாவம், அவளுக்கு என்னைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

எழுந்து போய்விடலாம். பட்டையை மொத்தமாக அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனால் ஏதோ ஒன்று பதிவாகும். ஆனால் அது இரைச்சலோடு கலந்த குப்பையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். போகாவிட்டால் சேலையின் முனை வேறொருத்தி கையில். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய கல்யாணத்தை என்னால் நிறுத்திவைக்க முடியாது. "அவளையே நிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். போனில் பொறியாளர், "மேடம், ஓகே தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

பின்னால் ஒரு சலசலப்பு. அருமைக்காரர் யாரையோ கூப்பிட்டார். அத்தை, "டேய், எங்கடா போறே?" என்றாள். திரையில் சிக்னல் தடிக்கத் தொடங்கியிருந்ததால் நான் திரும்பவில்லை. கூட்டுங்கள் என்றேன். இன்னும் கூட்டுங்கள்.

சன்னல் கம்பிகளுக்கு நடுவே ஏதோ என் தோளில் இடித்தது. பார்த்தேன். சிவப்புப் பட்டில் சரிகை. சீர்ச்சேலையின் முனை.

"ஒரு கை போதுமல்லோ உனக்கு?" என்றான் தம்பி.

"டேய்..."

"புடி. நீ பாட்டுக்கு அதப் பாரு."

பந்தலில் ஒரு பெரிய விவாதம் கிளம்பியது. இப்படி யாரும் செய்ததில்லை என்றார்கள். சுவர் நடுவில் வரலாமா என்றார்கள். சன்னல் தெற்குப் பார்த்தது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். எல்லாரும் சேர்ந்து அருமைக்காரரைப் பார்த்தார்கள். அவர் சேலையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒடம்பொறந்தவ புடிக்கோணுங்கறதுதான் மொறை. எங்க உக்காந்து புடிக்கோணுமுன்னு மொறை ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

தம்பி சீருக்காகப் போட்டிருந்த முக்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். சேலை பந்தலின் நடுவிலிருந்து என் சன்னல்வரை நீண்டது. அதில்தான் புதுச் சிக்கல். சீர்ச்சேலை மண்ணில் படக்கூடாது. அவன் பிடி, என் பிடி, நடுவில் தொய்வு. யாராவது தாங்க வேண்டும். சித்தப்பா மகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஓரிடத்தில் தாங்கினாள். இன்னோரிடத்தில் தாங்க ஆளில்லாமல் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரிய அத்தைதான் நெருக்கத்தில் நின்றாள். முனகிக்கொண்டே வந்து இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிச் சேலையை ஏந்திக்கொண்டாள். "இந்தக் கூத்தெல்லாம் நான் பாக்கோணுமுன்னு எழுதியிருக்குது" என்றாள்.

சீர் தொடங்கியது. இடது கையில் சேலை, வலது கையில் மவுஸ். அருமைக்காரர் மந்திரம் மாதிரி வரிசையாகச் சொல்வது ஒரு காதில், பொறியாளர் எண்களைச் சொல்வது மறு காதில். இடையில் நான் "கூட்டுங்க" என்று சொன்னதைக் கேட்டு அம்மா தட்டில் அரிசியைக் கூட்டினாள்.

திரையில் கோடு பட்டையானது. பட்டை புகையானது. வெடிப்பின் முன்முகம் பாதையைத் தொட்டுவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவர் மாற்றிக்கொண்டே போனார். பின்னாளில் எங்கள் கட்டுரையில் முக்கியமான வரைபடமாக வந்தது இந்த நிமிஷங்கள்தான். அப்போது அதெல்லாம் தெரியாது. கண் இமைக்கக்கூடப் பயமாக இருந்தது. பிறகு புகையும் கலைந்தது. திரையில் இரைச்சல் மட்டும்.

"சிக்னல் போயி மேடம்" என்றார் பொறியாளர்.

போய்விட்டது. வெடிப்பின் நடு வயிறு கடக்கும்போது இப்படி ஆகலாம் என்று தெரியும். திரும்பி வரும்போது எங்கே, எவ்வளவு அகலத்தில் வரும் என்று பிடித்தால்தான் மீதிப் பாதி கிடைக்கும். தவறவிட்டால் தலையில்லாத மீன் மாதிரி பாதிப் பதிவு. விசைப்பலகைக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. என்னை அறியாமல் இடது கை சேலையை விட்டது.

சேலை நழுவவில்லை. சன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. எப்போது சுற்றினான் என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தம்பி முக்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முனையைத் தன் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"நீ பாரு அக்கா. நான் புடிச்சிருக்கறேன்."

எனக்குக் கண் நிறைந்து திரை மங்கியது. நல்ல நேரம் பார்த்து அழுகை வருகிறது என்று என்னையே திட்டிக்கொண்டு முந்தானையால் துடைத்தேன். இரண்டு கையாலும் தேடத் தொடங்கினேன்.

சீரின் கடைசிக் கட்டம் வந்திருந்தது. உடன்பிறந்தவள் இரண்டு கையாலும் அரிசி அள்ளித் தம்பியின் தலையில் போட வேண்டும். அதற்கு ஒரு கை போதாது. அருமைக்காரர் நிறுத்தினார். மைக் செட்காரர் பாட்டை நிறுத்தினார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. கொழிஞ்சாம்பாறைக்கு நேரமாகிறது என்று ஒருவர் நினைவூட்டியதற்கு, "சித்த நேரம் பாக்கலாமுங்க" என்றார் அருமைக்காரர்.

பந்தல் முழுவதும் என் சன்னலைப் பார்த்தது. ரீல்ஸ் இழந்தவர்கள், பந்திக்குக் காத்திருந்தவர்கள், சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தவர்கள். என்ன தொலைந்தது என்று தெரியாமலே எல்லாரும் அது கிடைக்க வேண்டும் என்று நின்றார்கள். அத்தைக்குக் கை வலித்திருக்கும். இறக்கவில்லை.

இரைச்சலுக்குள் ஒரு மேடு தெரிந்தது. இல்லை என்று நினைத்தேன். மறுபடி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அகலம் கூட்டச் சொன்னேன். மேடு நின்றது. போனில் பொறியாளர், "வந்நு! மேடம், வந்நு!" என்று கத்தியது பந்தலின் கடைசி வரிசைவரை கேட்டது.

"வந்துருச்சா கண்ணு?" என்றாள் பெரிய அத்தை.

"வந்துருச்சுங்கத்தை."

"செவ்வாயா?"

"செவ்வாதானுங்க."

அத்தை பெருமூச்சு விட்டாள். கையிலிருந்த சேலையை இறக்காமலே கழுத்தை மட்டும் அருமைக்காரர் பக்கம் திருப்பினாள்.

"அப்பறம் என்னத்துக்குங்க நிக்கறீங்க? நடத்துங்க. எங்கூட்டுப் புள்ள வந்துட்டா."

அம்மா தட்டைச் சன்னலுக்குக் கொண்டுவந்தாள். தம்பி எழுந்து வந்து, உருமாலைக் கழற்றிவிட்டுத் தலையைக் கம்பியோடு ஒட்டிக் குனிந்தான். நான் இரண்டு கையையும் வெளியே நீட்டி அரிசியை அள்ளினேன்.